வாய்க்கு வேலை தரும் விளையாட்டுகள்

பாப்பா பொறந்த நாளுக்கு ஜெசிமாவைக் கூப்பிடாம இருக்க முடியாது. நடுவுல ஒரே சுவர்தான், இங்க அப்பளம் பொரிச்சா அங்க அவளுக்குத் தெரிஞ்சுடும், பலூன் கட்டினா தெரியாதா. அந்தப் பிள்ளைக்கு ஆறு வயசுதான் ஆகுது, வாய் அறுபது வயசுக்கு இருக்கு. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும், கேட்காததுக்கும் சொல்லும். லோகேஷ் பரவாயில்ல, தின்ன ஏதாவது கையில குடுத்துட்டா கூரை இடிஞ்சு விழுந்தாலும் நிமிர்ந்து பார்க்க மாட்டான். கோடி வீட்டு மணிப்பயல் இன்னும் விரல் சூப்புறான், அவனை மாதிரி ஒரு பத்துப் பிள்ளைங்க கிடைச்சா நான் தெருவையே கூப்பிட்டுப் பொறந்த நாள் பண்ணுவேன். ஊருல எல்லாரும் சொந்தம் பார்த்துக் கூப்பிடுறான், மொய் பார்த்துக் கூப்பிடுறான். விருந்தாளியை வாய் பார்த்துக் கூப்பிடுறவன் இந்தச் சீர்காழியில நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். அடேய் கலியமூர்த்தி, உன் புத்தி போற போக்கைப் பாரு. பலூனை ஊது முதல்ல. ஊத ஊதக் கன்னம் வலிக்குது. கல்யாண மேடைக்கு ஊத மிஷின் இருக்கு, முதலாளி அதை வீட்டுக்கெல்லாம் குடுத்துவிட மாட்டாரு. மிஞ்சின பலூன் பாக்கெட்டையும், போன முகூர்த்தத்துல கழட்டிப் போட்ட தெர்மகோல் எழுத்தையும் எடுத்துக்கடான்னு சொன்னதே பெரிசு. வெளியில கொட்டுது. ஐப்பசி மழை, சொன்னா விடவா போகுது. முற்றம் பூரா கணுக்கால் தண்ணி, அதனால விருந்து விளையாட்டு எல்லாம் இந்த ஒத்தை ரூமுக்குள்ளதான். பாப்பா மூலையில பாயில தூங்குறா. நான் கட்டின மேடைத் துணிக்கு அந்தப் பக்கம் எங்க வேம்பு அக்கா ரவை வறுக்குது, வாசனை வருது. சாயங்காலம் நாயகி ஃபோன்ல வருவா.

தையல்நாயகி. என் பொண்டாட்டி. பாப்பா தத்தித் தத்தி நடக்கிறப்போ மஸ்கட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனவ, இன்னைக்குப் பாப்பாவுக்கு நாலு வயசு. நான் கட்டுறது கல்யாண மேடை. ஆடியில மேடை இல்ல, மார்கழியில இல்ல, மழை வந்தா மண்டபக்காரன் ஃபோனை எடுக்கிறதே இல்ல. இப்படிப் பாதி வருஷம் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்தா அடுப்பு எப்படி எரியும், நான் போறேன்னு அவதான் கிளம்பினா. நான் தடுக்கல. தடுக்கிற யோக்கியதை எனக்கு எங்க இருந்துச்சு. மத்த நாள்ல ரெண்டு வார்த்தை பேசுவா, சாப்பிட்டியா தங்கம், தூங்கினியா தங்கம், பாப்பா ஒரு முத்தம் குடுப்பா, லைன் போயிடும். இன்னைக்கு அந்த வீட்டு மேடம் அரை மணி நேரம் பேசிக்கோன்னு சொல்லிட்டாங்களாம். அரை மணி நேரம்! நாயகி அழுதுட்டா சந்தோஷத்துல. ஏங்க, செலவு பண்ணிடாதீங்க, ஆனா ஒரு குறையும் வச்சிடாதீங்கன்னா. இதை நான் எந்தக் கடையில போய் வாங்குறது? நாலு பிள்ளைங்களைக் கூப்பிடுங்க, ஃபோனைப் பெட்டி மேல நிறுத்தி வச்சுடுங்க, நான் பாட்டுக்கு ஓரமா இருந்து பார்த்துக்கிட்டிருக்கேன், விளையாட்டு நடுவுல பாப்பா திரும்பி அவளா ஒரு தடவை அம்மான்னு கூப்பிட்டாப் போதும்னா. நீங்க சொல்லிக் குடுத்துக் கூப்பிடுறது வேண்டாம்ங்கன்னு அதையும் சேர்த்துச் சொன்னா. கண்டுபிடிச்சிருக்கா பாருங்க. ஒவ்வொரு தடவையும் பாப்பா காதுல நான் கிசுகிசுக்கிறது அவ்வளவு தூரத்துல இருக்கிறவளுக்குக் கேட்டிருக்கு. அவளா கூப்பிடுவா. கூப்பிடாம என்ன. ஆனா எந்தப் பக்கம் திரும்பிக் கூப்பிடுவா? சமையக்கட்டுப் பக்கம் திரும்பிக் கூப்பிடுவா. வேம்பு அக்காவைத்தான் பாப்பா அம்மாங்கிறா. நாயகிக்கு அது தெரியாது.

யாரும் சொல்லிக் குடுக்கல. சாமி சத்தியமா அக்கா சொல்லிக் குடுக்கல. நாயகி விமானம் ஏறின புதுசுல பாப்பாவுக்குக் காய்ச்சல், உடம்பு அனலாக் கொதிக்குது, அம்மா அம்மான்னு ஒரே அனத்தல். நான் என்ன பண்ணுவேன், கை ஓடல கால் ஓடல, தூக்கிக்கிட்டுச் சுத்துறேன், சாமி படத்தைக் காட்டுறேன், அவ நிறுத்தல. அப்ப அக்கா ஈரத்துணியைப் பிழிஞ்சுக்கிட்டே என்னடி தங்கம்னு ஒரு தடவை சொல்லுச்சு. அம்மான்னு கூப்பிட்ட பிள்ளைக்கு யாரோ ஒருத்தர் பதில் சொல்லணுமில்ல. பாப்பா அப்படியே அழுகையை நிறுத்தி அக்கா கழுத்தைக் கட்டிக்கிட்டுத் தூங்கிட்டா. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. மறுநாள் கூப்பிட்டா, அக்கா பதில் சொல்லுச்சு. அதுக்கு மறுநாளும். அவ்வளவுதான் கதை. வீடு முழுக்கக் கேட்டுக்கிட்டே இருக்கும், அம்மா தண்ணி, அம்மா பூனை, அம்மா லோகேஷ் அடிச்சுட்டான். தெருப் பிள்ளைங்களுக்கு வேம்பு அக்காதான் சஷ்டிகாவோட அம்மா. அதுங்களுக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து பார்த்ததே அதைத்தானே. ஒரு நாள் வாசல்ல நின்னு நாயகிகூட ஃபோன்ல பேசிக்கிட்டிருக்கேன், இந்த ஜெசிமா அந்தக் கோடியில இருந்து, சஷ்டி, உங்கம்மா கூப்பிடுறாங்கடின்னு ஒரு கத்துக் கத்துச்சு பாருங்க, எனக்கு உயிரே போயிடுச்சு. லொக்கு லொக்குன்னு இருமினேன். விடாம இருமினேன். என்னங்க இப்படி இருமுறீங்க, மழையில நனைஞ்சீங்களான்னு நாயகி கேட்டா. சுக்குக் கஷாயம் வச்சுக் குடிக்கச் சொன்னா. அடுத்த தடவை ஃபோன் பண்ணினப்போ முதல் கேள்வியே இருமல் தேவலையாங்கிறதுதான். அப்ப எனக்கு நிஜமாவே இருமல் வந்துச்சு.

அரை மணி நேரம் எப்படி இருமுறது? அதனாலதான் விளையாட்டா யோசிச்சு யோசிச்சு வச்சிருக்கேன். முதல்ல முறுக்கு. கொடியில நூல் கட்டி ஆளுக்கொரு முறுக்கைத் தொங்கவிட்டு, கையைப் பின்னால கட்டிக்கிட்டு வாயால கவ்வித் தின்னணும். வாய் முறுக்குல இருக்கும். அதுக்கப்புறம் ஸ்பூனை வாயில கவ்விக்கிட்டு எலுமிச்சம்பழம் விழாம சுவருக்கும் சுவருக்கும் நடக்கிறது. வாயைத் திறந்தா பழம் விழுந்துடும். அப்புறம் ஆளுக்கொரு பலூன், யாரு பெரிசா ஊதுறதுன்னு போட்டி. அப்புறம் சிலை விளையாட்டு, பேசினா அவுட்டு. அப்புறம் ஜவ்வு மிட்டாய், தின்னு முடிக்கவே நேரம் ஆகும், பல்லுல ஒட்டிக்கிட்டு நாக்கு திரும்பாது. எல்லாம் செலவில்லாத சங்கதி, நாயகி கேட்டா மெச்சிக்குவா. பார்க்கிறவங்களுக்குக் குழந்தைங்க விளையாடுறது தெரியும், வாயடைச்சு வச்சிருக்கேன்னு தெரியாது. நல்லாத்தான் இருக்கு யோசனை. ஆனா முறுக்குக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் நடுவுல ஒரு இடைவெளி வருமே. அப்ப நாயகி சும்மா இருப்பாளா. ஏ ஜெசிமா, எவ்வளவு வளர்ந்துட்டே, கவுன் அழகா இருக்கே, முறுக்கு யாரு சுட்டான்னு கேட்பா. ஜெசிமா சொல்லும். சஷ்டியோட அம்மான்னு சொல்லும். கேட்கிறவ முகம் என்ன ஆகும்? ஃபோன்ல முகம் மட்டும்தானே தெரியும், வேற ஒண்ணும் தெரியாதே, அந்த முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன். அங்க தோள்ல கை வைக்க ஒரு ஆள் கிடையாது. மாடிப்படிக்குக் கீழ ஒரு ரூமு, அதுல ஒரு கட்டில், சுவத்துல பாப்பா ஃபோட்டோ. நினைச்சா வண்டி ஏறி வர்ற ஊரா அது? அங்கேயே உட்கார்ந்து அழுது, முகத்தைக் கழுவிட்டு, போய் அவங்க வீட்டுப் பாத்திரத்தைத் தேய்க்கணும்.

இந்தா, பலூனுக்கு முடிச்சுப் போட மறந்துட்டேன், புஸ்ஸுன்னு போயிடுச்சு. திரும்ப ஊது. துணி நல்லாத்தான் நிக்குது. ரோஸ் வெல்வெட்டு, ஓரத்துல ஒரு சாம்பார்க் கறை, அதை மடிச்சு மறைச்சுட்டேன். மறைக்கிறதுதானே என் பொழைப்பு. மண்டபத்துச் சுவர் எவ்வளவு கேவலமா இருந்தாலும் முன்னால ஒரு துணியை இழுத்துக் கட்டி, நாலு பூ, நாலு லைட்டு, எழுத்து, முடிஞ்சுது. கேமராவுல படுற இடம் மட்டும்தான் மேடை. அதுக்குப் பின்னால தேங்காய் மூட்டை கிடக்கும், உடைஞ்ச நாற்காலி கிடக்கும், யாரு பார்க்கப்போறா. இங்கயும் அப்படித்தான் கட்டினேன். சமையக்கட்டு வாசலை அடைச்சுக் கட்டினேன். சன்னல் பக்கம் கட்டியிருக்கலாம், அங்க வெளிச்சமும் நல்லா விழும், கட்டத் தெரியாமலா இருக்கேன். ஆனா இங்கதான் கட்டினேன். அக்கா உள்ள இருந்து, என்னடா தம்பி காத்தே வராதேன்னுச்சு. ஒரு சாயங்காலம்தானேக்கா, ஃபோட்டோவுக்கு நல்லாயிருக்கும்னேன். சரிடான்னுச்சு. அதுக்கு மேல ஒரு வார்த்தை கேட்கல. கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். அக்கா, இந்த அரை மணி நேரம் நீ வெளியில வராதேன்னு சொல்லியிருப்பேன். இல்ல, கோவிலுக்குப் போயிட்டு வான்னு சொல்லலாம். இந்த மழையில எந்தக் கோவிலுக்கு? மூலவரே நனையுறாரு. கேசரியை நீ உள்ளயே தட்டுல போட்டுக் குடு, நான் வாங்கி வெளியில குடுக்கிறேன்னு சொல்லலாம். அப்படிச் சொன்னா பாதிதான் சொன்ன மாதிரி இருக்கும். பாப்பா கூப்பிட்டா பதில் குடுக்காதேங்கிறது மீதி. அதை எந்த வாயால சொல்றது.

அக்கா கல்யாணமாகிப் போனது காட்டுமன்னார்கோவிலுக்கு. பல வருஷம் காத்திருந்தாங்க, பிள்ளை இல்ல. அவங்க வீட்டுல வேற பொண்ணு பார்த்துட்டாங்க, அக்கா ஒரு பையோட இங்க வந்துச்சு. சண்டை போடல, சாமான் கேட்கல. அதுக்கு முன்னாலேருந்தே ஒதுங்கி நின்னு நின்னு பழகிப்போச்சு அதுக்கு. யாராவது வீட்டுல வளைகாப்புன்னா பாத்திரம் கழுவக் கூப்பிடுவாங்க, வளையல் அடுக்கக் கூப்பிட மாட்டாங்க. நான் எத்தனை வளைகாப்பு மேடை கட்டியிருக்கேன். துணிக்குப் பின்னால ஏதாவது ஒரு பொம்பளை நிப்பா. வயரை இழுக்கப் பின்னால போவேன், அங்க இருப்பா, நல்ல புடவை கட்டி, தலைக்குப் பூ வச்சு, கையில ஒரு கரண்டி இருக்கும், சும்மாதான் வச்சிருப்பா. முன்னால பாட்டு நடக்கும். என்னைப் பார்த்தா ஏதோ வேலையா வந்த மாதிரி நகர்ந்துக்குவா. எனக்கு எங்கக்கா ஞாபகம் வரும், வயரைக் கட்டிட்டு வந்துடுவேன். இப்ப அதே வேலையை என் வீட்டுக்குள்ளேயே பண்ணி வச்சிருக்கேன், முதலாளி கடை வெல்வெட்டை வச்சு. நல்லா இருடா கலியமூர்த்தி. அக்காவைப் பெத்தவங்க அம்மாங்கிற வார்த்தையை அது காதுக்குக் குடுக்கல, கட்டினவன் குடுக்கல, ஒரு காய்ச்சல்காரப் பிள்ளைதான் குடுத்துச்சு. நான் அதைப் பிடுங்கி, மஸ்கட்டுல இருக்கிறவளுக்குக் குடுக்கணும். அவளுக்குக் குடுக்காம இருக்கவும் முடியாது. பெத்தவ அவ. போறப்போ அக்கா ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, அண்ணி, பாப்பா என்னை மறந்துடாம பார்த்துக்கங்கன்னு அழுதவ. அக்காவும் அழுதுச்சு. மறக்கமாட்டாடி, நான் இருக்கேன்லன்னு சொல்லுச்சு.

அதையும் விட ஒண்ணு இருக்கு. நாயகி வேலை பார்க்கிற வீட்டுல ஒரு சின்னப் பையன், பாப்பாவைவிடச் சின்னவன். பால் புகட்டுறது தூங்கவைக்கிறது எல்லாம் இவதான். அந்தப் பையன் இவளை மாமா மாமான்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டானாம், அந்த ஊருல மாமான்னா அம்மா. மேடம் கூப்பிட்டுச் சொன்னாங்களாம். திட்டியிருந்தாக்கூடத் தேவலாம்ங்க, சிரிச்சுக்கிட்டே, தோள்ல தட்டிக்குடுத்துச் சொன்னாங்க, அவன் என்னை அப்படிக் கூப்பிடுறதில்ல நாயகி, நீதான் மாத்திக் குடுக்கணும்னு கேட்டாங்கன்னா. எனக்குக் கோவம் வந்துச்சு. நீ என்ன பண்ணினேன்னு கேட்டேன். மாத்திட்டேங்க. அவன் அப்படிக் கூப்பிட்டா திரும்பிப் பார்க்காம இருந்தேன். வேற எதையோ பார்க்கிற மாதிரி நின்னேன். கத்தினான், காலைக் கட்டிக்கிட்டான், நான் திரும்பல. தானா மாறிட்டான், இப்ப பேர் சொல்லிக் கூப்பிடுறான்னா. அப்புறம் சொன்னா, அந்தம்மா பாவம்ங்க, பெத்தவளுக்கு வயிறு எரியாதா. எனக்கு எங்க போய் முகத்தை வச்சுக்கிறதுன்னு தெரியல. இதை நான் என் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இல்லாம சோறு திங்கும்போது அக்காகிட்ட ஒப்பிச்சேன். பாவம்க்கா அவ, அங்க என்ன பாடு படுறா பாருன்னு சொல்லத்தான் சொன்னேன். வேற எதுவும் மனசுல வச்சுச் சொல்லல. அக்கா கேட்டுக்கிட்டே இருந்துச்சு. குழம்பு ஊத்திச்சு. ஆமாடா, பாவம்தான்னுச்சு. எழுந்து போய் ஏனத்தைக் கழுவ ஆரம்பிச்சிடுச்சு.

சொல்லிடலாம். இப்பவே எழுந்து போய்த் துணியை விலக்கிச் சொல்லிடலாம். அக்கா, தப்பா எடுத்துக்காதே. ச்சே, இப்படி ஆரம்பிச்சாலே தப்பாத்தான் எடுத்துக்கும். அக்கா, நாயகி பாவம்க்கா. அதுக்குத் தெரியாதா. அக்கா, நீயும் பாவம்தான்க்கா. இதைச் சொன்னா அழுதுடும், நானும் அழுதுடுவேன், ஜெசிமா வந்து ஏன் மாமா அழுறீங்கன்னு தெரு முழுக்கக் கேட்கும். எழுந்து போனேன். துணிக்கு இந்தப் பக்கம் நின்னேன். என்னடா வேணும்னு உள்ளயிருந்து குரல் வந்துச்சு, கால் தெரிஞ்சிருக்கும் அடியில. ஏலக்காய் போட்டியான்னு கேட்டேன். போட்டேன்டா, கேசரியை டிபன் பாக்ஸ்ல அமுக்கிக் கவுத்தா கேக்கு மாதிரி வரும், மேல கலர் மிட்டாய் ஒட்டிடலாம், ஆனா மெழுகுவத்தி வேண்டாம்டா, பொறந்த நாளும் அதுவுமா எரியுறதை ஊதி அணைக்கிறதாவது, அகல் ஒண்ணு ஏத்தி வைன்னுச்சு. சரிக்கான்னேன். அவ்வளவுதான் என் வீரம். திரும்பி வந்து உட்கார்ந்து பலூனை எடுத்தேன். இது கடைசிப் பலூன், மஞ்சள். ஊதும்போதே யோசிக்கிறேன், பேசாம ஃபோன் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடலாமா. இந்த மழைக்குக் கரண்டு போனாக்கூட நல்லதுதான். அரை மணி நேரத்துக்காக எத்தனை நாளா காத்துக்கிட்டிருக்கா, அந்தக் கரண்டு போகணும்னு புருஷன் வேண்டிக்கிறான். ஊதுறேன், ஊதுறேன், எவ்வளவு பெரிசாச்சுன்னு பார்க்கல. வெடிச்சுடுச்சு.

டமார்னு சத்தம். பாப்பா தூக்கிவாரிப்போட்டு எழுந்து உட்கார்ந்தா. கண்ணு பாதி திறந்திருக்கு, உதடு பிதுங்குது, இதோ அழப்போறா. அக்கா ஓடிவந்து துணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு, கையெல்லாம் நெய். நிலைப்படியைத் தாண்டல. அங்கேயே நிக்குது. போக்கா, தூக்குக்கான்னு சொல்ல வாய் எடுத்தேன். அக்கா என்னைப் பார்க்கல, பாப்பாவையே பார்க்குது. பாப்பாவும் அக்காவைப் பார்க்கிறா. வாயைத் திறந்தா. உதடு ரெண்டும் சேர்ந்துச்சு, அந்த வார்த்தைக்குச் சேர்ற மாதிரியே சேர்ந்துச்சு. அப்புறம் மூடிக்கிட்டா. அழல. பாயை விட்டு எழுந்து, தூக்கக் கலக்கத்துல தள்ளாடித் தள்ளாடி நடந்து போய், அக்கா முந்தானையை ரெண்டு விரலால பிடிச்சு இழுத்தா. ஒரு தடவை. மறுபடியும் ஒரு தடவை. சத்தமே இல்ல. அக்கா குனிஞ்சு தூக்கிக்கிச்சு.

"என்னக்கா இது"ன்னு கேட்டேன்.

"கொஞ்ச நாளா இப்படித்தான்டா. அம்மான்னு கூப்பிட்டா நான் திரும்புறதில்ல. அத்தைன்னு சொல்லு தங்கம், ஓடி வர்றேன்னு சொல்லிப் பார்த்தேன். சொல்ல மாட்டேங்குறா. மாறிடுவான்னு நினைச்சேன். அவ கூப்பிடுறதையே விட்டுட்டா. தண்ணி வேணும்னாலும் வந்து இழுக்கிறா, பசிச்சாலும் இழுக்கிறா."

"யாருக்கா உன்னை இப்படிப் பண்ணச் சொன்னது? நான் சொன்னேனா?"

"நீ என் முகத்தைப் பார்த்துப் பேசி எத்தனை நாளாச்சு, சொல்லு. அதுக்கப்புறம் வேற வாயைத் திறந்து சொல்லணுமா." அக்கா பாப்பா தலையை ஒதுக்கிவிட்டுச்சு. குரல்ல கோவம் இல்ல, இருந்தா எனக்குக் கொஞ்சம் நல்லா இருந்திருக்கும். "அவளுக்குச் சேர வேண்டியதுடா அது. நான் வச்சுக்கிட்டா நல்லாவா இருக்கும்."

நான் ஒரே ரூமுக்குள்ள இருக்கேன். முறுக்குக்கு நூல் அளந்தேன், எலுமிச்சம்பழம் பொறுக்கினேன், எந்தப் பிள்ளை எவ்வளவு பேசும்னு எடை போட்டேன். என் பிள்ளை பேசுறதை நிறுத்தினது எனக்குத் தெரியல. சமத்தாயிட்டான்னு நினைச்சேன். லோகேஷ் அம்மாகிட்டப் பெருமையாச் சொல்லக்கூடச் செஞ்சேன், எங்க பாப்பா இப்பல்லாம் நைநைங்கிறதே இல்லன்னு. அக்கா, நீ திரும்பு, அவ என்னன்னு கூப்பிட்டாலும் திரும்பு, எவ என்ன நினைச்சாலும் நினைச்சுக்கிடட்டும்னு சொன்னேன். சத்தமாச் சொல்லிட்டேன் போல, பாப்பா மிரண்டு என்னைப் பார்த்தா. அக்கா பதில் சொல்றதுக்குள்ள ஃபோன் அடிச்சுது. இன்னும் பிள்ளைங்க யாரும் வரல, கேசரியைக் கவுக்கல, எழுத்துல பாதி ஒட்டல. நாயகிதான், மேடம் வெளிய கிளம்பிட்டாங்களாம், பையனைத் தூக்கிக்கிட்டு இவளும் கூடப் போகணுமாம், இப்பவே பேசினாத்தான் உண்டாம். ஒண்ணும் ஆகலியா இன்னும், பரவாயில்லைங்க, பாப்பாவைக் காட்டுங்க போதும்னா. ஃபோனைப் பெட்டி மேல சாய்ச்சு நிறுத்தினேன். அக்கா பாப்பாவை இறக்கி முன்னால விட்டுட்டு உள்ள போச்சு. நீயும் வாக்கான்னேன். வரல. துணியை அதுவே இழுத்து மூடிக்கிச்சு.

நாயகி புதுப் புடவை கட்டியிருந்தா. எங்க வாங்கினாளோ, பச்சையில மஞ்சள் கரை, முந்தானையை முன்னால கொண்டுவந்து போட்டிருந்தா, நாங்க பார்க்கணும்னு. தலையில துணிப்பூ. தங்கம், சஷ்டிக்குட்டி, யாரு பாரு, யாரு வந்திருக்கான்னா. நான் பாப்பா பக்கத்துல போகல. காதுல எதுவும் சொல்லல. பாப்பா ஃபோனுக்கு ரொம்பக் கிட்டப் போய் நின்னா. உத்துப் பார்த்தா. வாயைத் திறந்தா. நாயகி மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டிருந்தா, அது இங்க தெரிஞ்சுது. பாப்பா வாயை மூடிக்கிட்டா. கையை நீட்டி, படத்துல அந்த மஞ்சள் கரை தெரியுற இடத்துல ரெண்டு விரலை வச்சுப் பிடிச்சு இழுத்தா. கண்ணாடி, என்ன கையில வரும். விரல் வழுக்குச்சு. திரும்ப வச்சு இழுத்தா.

"என்னங்க பண்ணுறா? ஃபோனைக் கீறுறாளா?"

"இல்ல நாயகி. கூப்பிடுறா. உன்னைத்தான் கூப்பிடுறா."

"இதென்ன கூப்பிடுறது? வாயால கூப்பிடச் சொல்லுங்களேன்."

துணிக்கு அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்னுபோச்சு. பாப்பா இன்னொரு தடவை இழுத்தா.